சொகுசுப் படகு: எந்த எடையில் அளந்த வேகம்?

ஆசிரியருக்கு,

ஒரே நீளம், ஒரே எஞ்சின், கிட்டத்தட்ட ஒரே விலை. இப்படி இரண்டு சொகுசு மோட்டார் படகுகள் எதிரெதிரே நிற்கும்போது, வாங்குபவர் அறைகளின் அழகைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார். விற்பனை ஏட்டிலுள்ள உச்ச வேகத்தையும் அப்படியே நம்பக் கூடாது. ஒன்றைக் காலி டேங்கோடு அளந்திருப்பார்கள், மற்றதைப் பாதிச் சுமையோடு. இரண்டிலும் எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி, ஒரே வேகத்தில் ஓட்டி, கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று குறிக்க வேண்டும். விசையை முழுதாகத் திறந்தும் எஞ்சின் தனக்குரிய ஆர்பிஎம்மை (நிமிடச் சுழற்சி எண்ணிக்கையை) எட்டவில்லையா? புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுழற்சியில் முன்னேற வேண்டிய தூரம்) அதிகமாக இருக்கலாம், அடிப்பகுதியில் சிப்பி படிந்திருக்கலாம், எடை கூடியிருக்கலாம். காரணம் தெரியாமல் கையெழுத்திடாதீர்கள்.

படகின் ஆட்டம் குறைக்கும் கருவிகளில், அடியில் நீட்டிய துடுப்பு வகை படகு ஓடும்போதுதான் சிறப்பு. கனமான சக்கரத்தைச் சுழற்றி ஆட்டத்தை அடக்கும் கைரோ, நங்கூரமிட்டு நிற்கும்போதும் உதவும். ஆனால் சுழல்வேகம் பிடிக்கப் பெரும்பாலும் அரை மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் ஜெனரேட்டரும் ஓட வேண்டும். அந்தச் சத்தம் எந்த அறைக்குக் கேட்கிறது என்று படுத்தே பாருங்கள்!

எந்தக் கடல்நிலைக்குப் படகு வடிவமைக்கப்பட்டது என்று சொல்லும் ஐரோப்பியச் சான்றில் ‘பி’ பிரிவு என்றால், காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8, 4 மீட்டர் அலை வரைதான். கடைசியாக, எஞ்சினில் படகின் பக்கச் சுவரை நோக்கிய பக்கத்து வடிகட்டிக்கும், குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பின் இம்பெல்லருக்கும் கை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத படகில் சர்வீஸ் தள்ளிக்கொண்டே போகும்.

- படகு ஆய்வாளர் ஒருவர்