மகனை பஸ் ஏறப் பழக்கிய எல்லோருக்கும் நன்றி

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

என் மகனுக்கு 19 வயது, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் பெட்சீற் தோய்த்துக் காயவிட்டு மடிக்கிற வேலைக்கு ஆறு மாதமாகத் தனியாகப் போய்வருகிறான். பள்ளிக்கூடம் முடிந்ததும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவானோ என்று நான் நித்திரை இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்தால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விசேட கல்வி அலகு ரீச்சர், அவனுக்குப் பதினாறு வயதிலேயே என்னைக் கூப்பிட்டு, "அம்மா, இனி கொப்பியோட மட்டும் இருக்கேலாது, இவர் பஸ் ஏறப் பழகவேணும்" என்றீர்கள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. காசை நிறத்தால் பழக்கினீர்கள்: செம்மஞ்சள் 100, ஊதா 500, பச்சை 1000. கையெழுத்துக்கு ஒரு வருடம் போனது. பஸ்ஸில் முதல் மாதம் அவன் பக்கத்தில் இருந்தீர்கள், பிறகு பின் சீற்றில், பிறகு ஸ்கூட்டியில் பஸ்ஸுக்குப் பின்னால் வந்தீர்கள்.

நிலாவெளி பஸ் கண்டக்டர் தம்பி, ஒருநாள் இறங்காமல் சாம்பல்தீவு வரை போய்விட்டவனை, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டீர்கள். இப்போதும் அவன் பக்கம் திரும்பி "உப்புவெளி" என்று ஒருதரம் கூடுதலாகக் கூப்பிடுகிறீர்களாம்.

சமூக சேவை உத்தியோகத்தர் ஐயா, அரசாங்க வேலையில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையே நம்பி இருந்தேன். அதற்கும் தகைமை கேட்பார்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதாத பிள்ளைக்கு எட்டாது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தி, எங்களோடு வெயிலில் இடம் இடமாக அலைந்தீர்கள். ஓரிடத்தில் "வாற ஆக்கள் பார்த்தா நல்லா இருக்காது" என்றார்கள். வாசலிலேயே அழுதுவிட்டேன். சரி, அது போகட்டும்.

விடுதி முதலாளி அண்ணா, எல்லோரும் "இவருக்கு என்ன வருத்தம்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். நீங்கள் அவனைப் பார்த்து, "தம்பி, விடிய ஏழு மணிக்கு வரேலுமோ?" என்றீர்கள். பதில் சொல்ல அவனுக்கு நேரம் எடுத்தது. காத்திருந்தீர்கள். தோய்க்கிற அறைச் சுவரில் வேலையை ஒவ்வொரு படியாகக் காட்டி ரீச்சர் ஒட்டிய படங்களை இன்றுவரை கழற்றவும் இல்லை.

சம்பள நாளில் அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்து வைத்து முடிக்கும்வரை பின்னால் அவசரப்படாமல் நிற்கிற பிள்ளைகளே, உங்களையும் மறக்கமாட்டேன்.

ரீச்சரின் வகுப்பிலிருந்து இந்த வருடம் இன்னும் மூன்று பேர் வெளியேறுகிறார்கள். ஒருத்தி நேர்த்தியாகத் தைப்பாள். நிலாவெளி வீதிப் பக்கம் கடை, ஹோட்டல் வைத்திருப்பவர்கள் ரீச்சரோடு ஒருக்கா கதையுங்கோ.