கார் பேட்டரியைக் கூடத்துக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டுக் கார் வாரக்கணக்கில் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிட்டால், அதைக் கழற்றிக் கூடத்துக்குள் கொண்டுவந்து, விடிய விடிய சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

மின்சாரத்தைவிட வாயுவுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சார்ஜ் நிறையும் கட்டத்தில், ஏறக்குறைய 14.4 வோல்ட்டில், பேட்டரிக்குள் உள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் கூடத்திலோ சாமி மேடையில் விளக்கு எரியும், ஊதுபத்தி புகையும், பொழுது சாய்ந்தால் கொசுவர்த்திச் சுருள் வேறு. காற்றோட்டமுள்ள, சாரல் அடிக்காத முன்கொட்டகைதான் இதற்கு ஏற்ற இடம்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் கறுப்பு, அதாவது மைனஸ். பிறகுதான் பிளஸ். முறை மாறினால், பிளஸைத் தளர்த்தும் ஸ்பானர் கார் உடம்பில் பட்டதுமே ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

சார்ஜரின் சிவப்புக் கிளிப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் கடித்துப் பிடிக்க வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது கிளிப்பை உருவினால், வாயு வெளிவரும் அதே இடத்தில் பொறி தெறிக்கும். பேட்டரி வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எத்தனை ஆம்பியர் வைப்பது? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. சிறிய கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5, 45 என்றால் 4.5. பாதி இறங்கிய 35 பேட்டரி நிறைய ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு 10 ஆம்பியரில் போட்டால் சூடேறித் தகடுகள் கெடக்கூடும். பழைய வகை சார்ஜர் தானாக நிற்காது, அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் வேளையிலேயே போடுங்கள். ஏஜிஎம் பேட்டரிக்கு (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய வகை) அதற்கென்ற அமைப்பு உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

மூடி திறக்கும் பேட்டரியில், சார்ஜ் போடும் முன் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் பேட்டரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர், ஊற்றுங்கள். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வயிறு உப்பிய பேட்டரிக்கும் வெடிப்பு விட்டதற்கும் சார்ஜே போடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், கிளிப்பைத் தொடாமல் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சார்ஜ் முடிந்து ஓர் இரவு சும்மா விட்டு மீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.4-க்கும் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று பொருள். பேட்டரி நன்றாக இருந்தும் அடிக்கடி இறங்கினால், எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13 கூட எட்டவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரில். வீட்டில் எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் அது தீராது.

பழைய பேட்டரியை உடைத்து ஆசிட்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அதில் ஈயமும் சேர்ந்தே போகிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால், பெரும்பாலும் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கார் ஒயரிங் பட்டறைக்காரர்,
குளுவாங், ஜொகூர்