வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் இடம் கேட்டு நான்காவது மனு

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்

அனுப்புநர்
சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடையிலுள்ள சிற்றூரில் வசிக்கும் ஒரு தாய் (பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பொருள்: வீட்டுவழிக் கல்விக்குச் சட்டம் இயற்ற அரசுக்குக் கருத்துரு அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மூன்று மனுக்கள். பதில் பெறப்படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் மூன்று மனுக்கள் அளித்துவிட்டேன். முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதற்கு, ‘மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று செல்பேசியில் ஒரு வரி வந்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. உரிய அலுவலர் யார் என்று விசாரித்துக்கொண்டே போனேன். அது தாங்கள்தான் என்கிறார்கள்.

எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. கன்னடியன் கால்வாய்க் கரையில், வாழைத்தோட்டத்துக்கு எதிரே உள்ள வேப்பமரத் திருப்பத்தில் தங்கள் ஜீப் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் திருப்பத்திலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது.

1. நான் பி.எட். முடித்து, ஒன்பது ஆண்டுகள் தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். என் கணவருக்கு விவசாயம். எங்கள் ஒரே மகளுக்கு 11 வயது, பேசும்போது திக்கும். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது ‘ப’ என்ற எழுத்திலேயே நின்றுவிட்டாள். வகுப்பு சிரித்தது. மறுநாளும் அவளையே எழுப்பினார்கள். பயம் தெளியட்டும் என்று நினைத்திருக்கலாம், நானும் ஆசிரியைதான், குறை சொல்ல வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சீருடை போட்டு, பை மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அதோடு நான் வேலையை விட்டேன். அன்றிலிருந்து வீட்டில்தான் படிக்கிறாள்.

2. சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதும் தெரியும். செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகளையும், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு உதவும் பிள்ளைகளையும் நான் வகுப்பறைக்கு இழுத்து வந்திருக்கிறேன். பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்ட ஒரு மாணவியின் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆகவே கணக்கெடுப்பை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். எங்கள் கதவையும் தட்டுங்கள்.

3. தட்டினால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தாங்கள் கேட்க வேண்டும்.

கடந்த மே மாதம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியை வந்தார். நல்ல வெயில். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தேன். மகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் எழுதிக் காட்டினாள். ஆசிரியைக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிறகு செல்பேசியை எடுத்தார். ‘பள்ளி செல்லாததற்குக் காரணம்’ என்ற இடத்தில் வறுமை, இடம்பெயர்வு, வேலைக்குச் செல்லுதல், பெற்றோரின் அக்கறையின்மை என்று வரிசையாக இருந்தன. வீட்டில் படிக்கிறாள் என்பதற்கு அதில் இடமில்லை. எதையாவது அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ‘மன்னித்துக்கொள்ளுங்கள், டீச்சர்’ என்று சொல்லிவிட்டுக் கடைசிக் காரணத்தை அழுத்தினார்.

மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். நன்றாக வாசிப்பாள், ஐயா, அதுதான் வினை. அவர் போனபிறகு, ‘அ... அ... அக்கறையின்மை என்றால் உங்களுக்கு என்மேல் அக்கறை இல்லை என்றா அம்மா அர்த்தம்?’ என்று கேட்டாள். ஏழு மாதமாக வீட்டுக்குள் ஒரு சொல்கூடத் திக்காமல் பேசிக்கொண்டிருந்தவள். அன்றிரவு ஆச்சியிடம்கூடப் பேசவில்லை.

அது அதோடு போயிருந்தால் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இடைநின்றோர் பட்டியலை வாசித்தபோது இவள் பெயரும் வந்தது. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியம்மா, ‘பிள்ளையை வேலைக்கு எங்கே அனுப்பியிருக்கிறாய்?’ என்று கேட்டார். இப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டால் மகள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பள்ளியில் இருந்த பயத்தை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தாயிற்று. இந்த மனுவில் அவள் பெயரை நான் எழுதாததற்கும் அதுவே காரணம். இன்னொரு தாளில் அவள் பெயர் ஏற எனக்கு மனமில்லை.

4. ‘வீட்டில் வைத்துப் படிக்கவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதே’ என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். இருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, பல்வகை ஊனமோ கடும் ஊனமோ உள்ள குழந்தை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம். கடும் ஊனம் என்றால் 80 விழுக்காடும் அதற்கு மேலும். என் மகளுக்குத் திக்குகிறது, அவ்வளவுதான். ‘சான்றிதழில் கொஞ்சம் கூட்டிப் போட்டு வாங்க முடியுமா என்று பாருங்களேன்’ என்றார் அங்கிருந்தவர், உதவுவதாக நினைத்து. என் பிள்ளையின் குறை பெருகட்டும் என்று நான் எந்தச் சாமியிடம் போய் வேண்டிக்கொள்வது, ஐயா?

5. அரசுத் தேர்வுகள் துறை பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத விடுகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். எங்கே படித்தாய் என்று அப்போது யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் அவள் இடைநின்றவள். சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கலாம், ஆனால் திருநெல்வேலியில் ரயில் ஏறக்கூடாது என்பது போல இருக்கிறது.

6. நான் கேட்பது இது: வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதிவு செய்ய ஒரு சட்டம். இடைநின்றோர் பட்டியலில் சேராத தனி வகையும், மாணவர் பதிவுக்கான எமிஸ் எண்ணும். ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ வட்டார வள மையத்திலோ வைத்துப் பிள்ளை என்ன கற்றது என்று சோதியுங்கள். பிள்ளையிடம் தனியாகவும் பேசுங்கள். படிக்கவைக்காமல் ஏமாற்றுகிற பெற்றோரிடமிருந்து அந்த அனுமதியைப் பறியுங்கள், என்னையும் சேர்த்துத்தான். பள்ளிக்குத் திரும்ப விரும்பும் நாளில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. காமராசர் தம் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது நம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. பிள்ளை பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு, பசி என்ற பதில் வந்ததும் சோறு போட்டார்கள். என் பிள்ளை ஏன் வரவில்லை என்று அப்படி யாராவது கேட்டார்களா?

மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று கோப்பை மூடிவிட வேண்டாம். கல்வி 1976இல் பொதுப்பட்டியலுக்குப் போனாலும், 1994இல் நம் சட்டமன்றம் கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் இயற்றவில்லையா? இங்கிலாந்துச் சட்டம் ‘பள்ளிக்குச் சென்றோ வேறு வகையிலோ’ என்று இடம் விடுகிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்விக்கு அனுமதி உண்டு. கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த ஊர்க் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

7. பதில் போடுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதிப் போடுங்கள். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காதவரை எங்கள் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்பதை மனுவில் எழுதுவது மரியாதையாக இருக்காது.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். இந்த மனுவின் நகலை எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்பியுள்ளேன். சட்டம் வர நாளாகும் என்பது தெரியும். அதுவரை, வரும் மே மாதக் கணக்கெடுப்புக்குள் அந்தக் காரணப் பட்டியலில் ‘வீட்டில் படிக்கிறார்’ என்ற ஒரு வரியையாவது சேர்க்கப் பரிந்துரைக்குமாறு மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு வரி, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(ஒப்பம்)

இணைப்பு: மகளின் நோட்டு ஒன்று. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை வரைந்து, கார், பிசான நெல் பருவங்களுக்குக் கன்னடியனில் தண்ணீர் திறந்த நாட்களைத் தாத்தாவிடம் கேட்டுக் குறித்திருக்கிறாள். நகல் எடுத்தால் நீல நிறம் விழவில்லை என்று அசலையே வைக்கச் சொன்னாள். மனுவுக்குப் பதில் வர நாளானாலும், நோட்டை மட்டும் சீக்கிரம் திருப்பி அனுப்புங்கள். இன்னும் இருபது பக்கம் மிச்சமிருக்கிறது, தினமும் கேட்கிறாள்.