பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த லிஸ்பன்

ராயபுரம்,
ஆடி மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ வாங்கிக் கொடுத்த பட்டையை மாட்டிக்கொண்டுதான் காலையில் மார்க்கெட்டுக்குப் போகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போன வாரம் போனில், "லிஸ்பன்ல உனக்கு எதுப்பா ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டாய். "எல்லாமே நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். நான் ஸ்டாண்டில் இருந்தேன், பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சவாரி வந்துவிட்டது. ஆனால் நீ கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அன்று முழுக்க மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது, டுக்டுக்கில் நாம் சுற்றிய அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

நீ முதலில் சொன்னபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. 31 வருஷமாக ஆட்டோவிலேயே இருக்கிறவன், இவ்வளவு தூரம் வந்தும் ஆட்டோவிலேயே ஏற வேண்டுமா என்று நினைத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு நீ சொல்லவே இல்லை. ஏழு குன்று ஊர் என்று அதற்குப் பேர், எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, அம்மாவால் நடக்க முடியாது என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

ஆற்றங்கரையில் இருக்கிற அந்தப் பெரிய சதுக்கத்தில் வண்டி நின்றது. நான் அதைச் சுற்றி ஒரு நடை வந்தேன், நினைவிருக்கிறதா? மூன்று சக்கரம், ஹேண்டில்பார், பின்னால் ஆட்கள் உட்கார சீட். சைலன்சர் இல்லை, டேங்க் இல்லை, முழுக்க பேட்டரி. ஓட்ட வந்தது உன் வயசுப் பெண். சரித்திரம் படித்தவளாம். அவளிடம் நீ போர்ச்சுகீஸில் ஏதோ சொன்னாய், அவள் திரும்பி எனக்குக் கை கொடுத்தாள். "என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன். "எங்கப்பா 31 வருஷமா சென்னையில இதே வண்டிதான் ஓட்டறார்னு சொன்னேன்" என்றாய். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்களுக்கும் கேட்கிற குரலில்தான் அதைச் சொல்லியிருந்தாய். அந்த நிமிஷத்தை நான் மறக்கமாட்டேன், பாப்பா.

நம் பக்கம் தரை முழுக்கச் சமம். காசிமேட்டுக்குப் பேரில்தான் மேடு. எனக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் பாலங்கள்தான், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி என்று. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போதே கியரைக் குறைத்து, என்ஜின் சத்தத்தை வைத்து அது எவ்வளவு திணறுகிறது என்று கணக்குப் போட்டுத்தான் ஏற்றுவேன். அங்கே அந்தப் பெண் எங்களை ஏற்றிக்கொண்டு போனது சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற தெருவில். ரோடு முழுக்கக் கருங்கல் பதித்தது. நடைபாதை வெள்ளைச் சுண்ணாம்புக்கல், கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. என் இடது கை தன்னால் கிளட்சைத் தேடியது. வலது கால் பிரேக்கைத் தேடியது. அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "வடிவுடையம்மா, வடிவுடையம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியோ சத்தமே இல்லாமல் ஏறியது. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டாலே மோட்டார் வண்டியைப் பிடித்து இழுக்கிறது, அதில் பேட்டரியும் கொஞ்சம் ஏறிக்கொள்கிறது என்று அவள் சொன்னதை நீ சொன்னாய். வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

28ஆம் நம்பர் டிராம் வந்தபோது அவள் ஓட்டியதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். வீட்டுச் சுவருக்கும் டிராமுக்கும் நடுவே ஒரு ஆள் ஒட்டி நிற்கிற இடம்தான். டிராம் வளைவில் திரும்பும்போது அதன் மூக்கு எவ்வளவு வெளியே வரும் என்று தெரிந்து, அதற்குச் சரியாக ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். ஹாரன் அடிக்கவில்லை. நல்ல கை. நம் சென்னையிலும் 1895லேயே மின்சார டிராம் வந்துவிட்டது, 1953ல் நிறுத்தினார்கள். உன் தாத்தா சின்னப் பையனாகப் பாரிமுனைப் பக்கம் அதில் தொற்றிக்கொண்டு போனதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன மணிச் சத்தத்தை அங்கேதான் முதல்முறை கேட்டேன்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. அவள் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் திரும்பி உட்கார்ந்து கதை சொன்னாள். பெரிய மாதா கோயில் வாசலில், அரபுக்காரர்களிடமிருந்து 1147ல் ஊரைப் பிடித்ததும் மசூதி இருந்த இடத்தில் இதைக் கட்டினார்கள் என்றாள். அல்ஃபாமா என்கிற பேரே அரபுச் சொல்தான், வெந்நீர் ஊற்று என்று அர்த்தமாம். மீன்காரர்களும் கப்பல் வேலைக்காரர்களும் காலங்காலமாக இருந்த பேட்டை. வண்டி நுழையாத சந்துகள், மாடியில் காயும் துணி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள். ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழா என்பதால் சந்துக்குச் சந்து காகிதத் தோரணம், அடுப்பில் மத்தி மீன் சுடும் புகை. இங்கே மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த வாசனை வந்ததும் அம்மா கம்பியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். நம் ராயபுரம் பனைமரத்தொட்டியில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னது சரிதான்.

சாந்தா லூசியா மேடையில் சுவரில் பதித்த நீல ஓடுகளில் வரைந்த படம் ஒன்று காட்டினாள். நாம் வண்டி ஏறிய அதே சதுக்கம், பூகம்பத்துக்கு முன்னால் அரண்மனையோடு இருந்த கோலம். 1755, நவம்பர் 1. எல்லாப் புனிதர்களின் திருநாள். ஊரே காலைப் பூசையில் இருக்கும்போது பூமி ஆடியது. கோயில்களில் ஏற்றி வைத்த மெழுகுவத்திகளாலேயே தீ பிடித்துப் பல நாள் எரிந்தது. கட்டடங்களுக்குப் பயந்து ஜனங்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்ததாம், அப்புறம் அலை எழுந்து வந்து அவர்களையும் வாரிக்கொண்டு போனது. பாறைமேல் இருந்ததால் அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது. கீழே இருந்த ஊர் போய்விட்டது. திரும்பக் கட்டும்போது நேர் நேராகத் தெரு போட்டு, பூகம்பம் வந்தால் நெகிழ்ந்து கொடுக்கும்படி சுவருக்குள்ளேயே மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள் என்றாள்.

தண்ணீர் உள்வாங்கியது என்று நீ சொன்னதும் நான் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு காலை, பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உனக்கு அப்போது ஏழு வயசு. தெருவில் ஜனங்கள் ஓடி வந்ததும் உன்னையும் அம்மாவையும் ஆயாவையும் ஏற்றி, மேலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மடியில் மடியாக அடுக்கி, கல்மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப மூன்று நடை போனேன். நீ ஒவ்வொரு நடைக்கும் "அப்பா போகாதே" என்று அழுதாய். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. இவ்வளவு தூரத்தில், வேறு ஒரு ஊரின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நீ என் கையைப் பிடித்தாயே, அது எனக்குப் போதும்.

சென்யோரா தோ மோந்தே என்கிற உச்சியில் இறங்கி நின்றோம். ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு, அந்தப் பக்கம் கோட்டை, தூரத்தில் சிவப்புத் தொங்குபாலம். ஆற்றைப் பார்த்து அம்மா கடல் என்றே நினைத்தாள். அந்த இடத்தில் தேஜோ ஆறு அவ்வளவு அகலம், அவர்களே வைக்கோல் கடல் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றிலிருந்துதான் 1497ல் வாஸ்கோ ட காமா கிளம்பி அடுத்த வருஷம் மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தான். அந்தப் பெண் சாவியை எடுத்து ஆட்டி "ஷாவ்" என்றாள், எதிர் வீட்டைக் காட்டி "ஜனேலா" என்றாள். நீ மொழிபெயர்க்கும் முன்பே சாவி, ஜன்னல் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மேஜை, அலமாரி, துவாலை, அன்னாசி என்று அடுக்கினாள். எல்லாம் நம் வீட்டுச் சொல். அன்று ராத்திரி நீ போனில் காட்டினாயே, 1554ல் லிஸ்பனிலேயே தமிழில் ஒரு ஜெபப் புத்தகம் அச்சடித்தார்கள், எழுத்து மட்டும் ரோமன் எழுத்து என்று. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இந்தக் கடுதாசிகூட அவர்களிடமிருந்து வந்த சொல்தானாம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போது, "அப்பா, இது என்ன அரண்மனையா?" என்று கேட்பாய். "பழைய கட்டடம்மா" என்பேன். மறுபடி மாடிப்பூங்காவைப் பார்த்து, "ஏன்பா பூங்கா மாடிமேல இருக்கு?" என்று கேட்பாய். "உட்காரு, விழுந்துடப்போறே" என்பேன். உன்னை விட்டுவிட்டு ஒன்பது மணி சவாரியைப் பிடிக்க வேண்டும் என்கிற அவசரம் எனக்கு. அந்தப் பெண் ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டியை நிறுத்தி, பொறுமையாக உனக்குச் சொல்ல, நீ அதை எனக்குச் சொல்ல, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும், பாப்பா.

வந்ததிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சவாரி இல்லாத மதியத்தில் லைப்ரரியில் உட்காருகிறேன், நம் தெருப் பெரியவர்களிடம் கேட்கிறேன். ராயபுரம் ஸ்டேஷன் 1856ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு முன் பம்பாயில் ரயில் ஓடினாலும், அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை, நம்முடையதுதான் நிற்கிறது. தூணையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். தினமும் நான் கடக்கிற கட்டடத்துக்குள் இப்போதுதான் நிதானமாக நின்றேன். ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. இங்கே படகுக்காரர்கள் எழுப்பிய அவர் கோயிலால்தான் நம் ஊருக்கே அந்தப் பேர்.

மாடிப்பூங்காவுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அது கோட்டைச் சுவர். ஹைதர் அலியின் குதிரைப்படை 1769ல் ஊர் வாசல் வரை வந்துவிட்டுப் போன பிறகு, பயத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அதன் மிச்சம்தான் மேலே பூங்காவாக இருக்கிறது. அந்தச் சுவருக்காக ஜனங்களிடம் வரி வசூலிக்க நினைத்ததால்தான் வால்டாக்ஸ் ரோடு. எத்தனை ஆயிரம் முறை "வால்டாக்ஸ் ரோடு போலாமா?" என்று கேட்டு மீட்டர் போட்டிருப்பேன்!

பொங்கலுக்கு நீங்கள் வரும்போது ஒரு நாளை எனக்குக் கொடுக்க வேண்டும். ஒரு முழு நாள் வேண்டாம், அதே ஒன்றரை மணி நேரம் போதும். காலை ஆறரைக்குக் கிளம்பலாம், அப்போதுதான் ரோடு காலியாக இருக்கும். முதலில் காசிமேடு, ஏலம் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஏலம்கூட போர்ச்சுகீஸ் சொல்தான் என்று மாப்பிள்ளையிடம் நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. அப்புறம் ராயப்பர் கோயில், ஸ்டேஷன். அங்கிருந்து துறைமுகச் சுவரை ஒட்டி வந்து, 1914ல் ஜெர்மன்காரர்களின் எம்டன் கப்பல் குண்டு போட்டதைச் சொல்கிறேன். ஆயா உன்னை "சரியான எம்டன்" என்று கூப்பிடுவாளே, அது அந்தக் கப்பல்தான். கடைசியில் மாடிப்பூங்கா. படி கொஞ்சம்தான், அம்மாவை நாம் இரண்டு பேரும் கை பிடித்து ஏற்றிவிடலாம். நம் பக்கத்தில் நின்று பார்க்க அதுதான் குன்று.

வண்டியை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, திரும்பி உட்கார்ந்து சொல்வேன். நீ என்ன வேண்டுமானாலும் கேள்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. பிப்ரவரியில் வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று எடுக்கிற வேலை வருகிறது, பெயின்ட் வேலைக்கு வண்டியை விட வேண்டியிருக்கும். நீங்கள் இருக்கிற வாரத்தில் அது வராமல் முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். பின்சீட் ரெக்சினையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், நீல நிறம்.

அன்புடன்,
அப்பா