சின்னவளின் விரல்

கோவை

அன்புள்ள முருகேசா,

உன் பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் சின்னவளின் விரல்.

தை மாதம் கல்லூரியில் வாலிபால் ஆடியபோது பந்து அவள் வலது மோதிர விரல் நுனியில் நேராக வந்து மோதிவிட்டது. நடுக்கணு வீங்கியது. சுளுக்குத்தான் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டவன் நான். ஐந்து வாரம் போயும் விரல் மடங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரிந்தது: விரலின் நடு எலும்பு அடிப்பகுதியில், உள்ளங்கைப் பக்கம் பாதிக்கு மேல் நொறுங்கி, கணுவிலிருந்து பின்னுக்கு நழுவி நின்றிருந்தது. முதல் நாளே படம் எடுத்திருக்கக் கூடாதா என்று இரவில் விழித்துக் கிடக்கிறேன், முருகேசா.

உடைந்த எலும்பு கூடிவிடும். அதன் முனையில் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு அப்படியல்ல. அதில் ரத்தக் குழாயே கிடையாது. ஒருமுறை அழிந்தால் மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743இலேயே எழுதிவிட்டார். அதனால் அவள் உடம்பிலிருந்தே எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

எங்கிருந்து என்கிறாயா? மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் சுண்டுவிரல் பக்கம் இருப்பது ஹேமேட். உள்ளங்கை எலும்புகள் இரண்டு வந்து அமரும் அதன் விளிம்பில் ஒரு சின்ன வரப்பு, இரு பக்கமும் பள்ளம். விரல் எலும்பின் அடியிலும் அதே வரப்பு, அதே பள்ளம்! மருத்துவர் எலும்புக்கூட்டுக் கையில் இரண்டையும் தொட்டுக் காட்டினார். பட்டறையில் தேய்ந்த உருப்படிக்கு ஜோடி தேடி அலைவோமே, அந்த நினைப்பு வந்தது.

விரலை உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, வேட்டைத் துப்பாக்கியை மடக்கித் தோட்டா போடுவதுபோல் கணுவை விரித்து, நொறுங்கியதைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஹேமேட் விளிம்பிலிருந்து வெட்டிய துண்டைக் குருத்தோடு பதித்து மெல்லிய திருகுகளால் முடுக்கினார்கள். சேதம் இன்னும் பெரிதாக இருந்தால் விலா எலும்பும் குருத்தும் சேரும் இடத்தில் துண்டெடுத்துச் செதுக்கி வைப்பதும் உண்டு. ஜப்பானியர்களான ஹசெகாவாவும் யமானோவும் 1992இல் அப்படிச் செய்ததை எழுதியிருக்கிறார்கள். எலும்பு எலும்போடு கூடிவிடும். மேலிருக்கும் குருத்துக்கு மூட்டு நீரே ஆகாரம்.

அவர் விளக்கிக்கொண்டிருக்கையில் என் கண்ணில் நின்றது உன் நடுவிரல். 1986இல் பிரஸ்ஸில் நசுங்கியதற்குக் கணுவை இறுக்கி எலும்புகளை ஒன்றாக்கிவிட்டார்கள். வலி போயிற்று, மடக்கம் போயிற்று. அது தவறான சிகிச்சை இல்லை, இன்றும் செய்கிறார்கள். ஆனாலும் இருபது வயதில் இவளுக்கும் அதுதானா என்று நான் பயந்த பயம் உனக்குப் புரியும்.

அறுவையைவிடப் பயிற்சிதான் கொடுமை. நான்காம் நாளே மடக்கச் சொன்னார்கள். விரல் முழுக்க நீளாதபடி பின்னால் ஒரு பட்டை. அதற்குள் மணிக்கு ஒருமுறை மடக்க வேண்டும். அழுதுகொண்டே செய்தாள். நல்ல விரலில் அந்தக் கணு ஏறத்தாழ 100 பாகை மடங்கும். இவளுக்கு மூன்று மாதத்தில் 75 வந்திருக்கிறது. நேற்று சோற்றைத் தானே பிசைந்து உண்டாள். அவள் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆடியில் வருவதாக எழுதியிருந்தாய். மாமாவுக்கு நானே காப்பி ஆற்றித் தருவேன் என்கிறாள். மறக்காமல் வா.

உன்,
ராமசாமி