கம்பு ஊன்றி நடந்த வருஷம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, செயலவை உறுப்பினர்கள், அண்ணன்மாருங்க அக்காமாருங்க எல்லாருக்கும் வணக்கம். பினாங்குல நம்ம மன்றத்தோட ஞாயித்துக்கிழமை காலை நடை இந்த வருஷமும் நிக்காம போச்சு, மழை மாசத்துல மட்டும் அப்பப்போ தள்ளிப் போட்டோம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு. தைப்பூசத்தப்போ தண்ணீர்மலை அடிவாரத்துல வெயில்ல நின்னு தண்ணி கொடுத்த நம்ம பிள்ளைங்களுக்கு ரொம்ப நன்றி.

நான் கொஞ்சம் நீட்டி சொல்ல வேண்டியது நடக்கும்போது ஊன்றுற கம்பு விஷயம். முட்டி வலின்னு பெரியவங்க நிறைய பேர் நடைக்கு வர்றதையே விட்டுட்டாங்க, அதுக்காகத்தான் மன்றக் காசுல சில ஜோடி வாங்கினோம். கொடிமலைத் தொடர்ல உயரமான முகடு 833 மீட்டர், பொட்டானிக்கல் கார்டன்ல இருந்து மேல போற ஜீப் ரோடு சுமார் 5 கிலோமீட்டர் தான், ஆனா அவ்வளவும் செங்குத்து. ஏறும்போது மூச்சு தான் வாங்கும், முட்டி அடி வாங்குறது இறங்கும்போது. அந்த நேரம் ரெண்டு கம்பு இருந்தா உடம்பு பாரத்துல கொஞ்சம் கைக்கும் தோளுக்கும் போயிடும், முட்டிக்கு அந்த அளவுக்கு மிச்சம்.

ஆனா கம்பு கையில இருந்தா மட்டும் போதாது. நோர்டிக் வாக்கிங் கம்பு வேற, மலையேறுற கம்பு வேற. நோர்டிக்கு பின்லாந்துல பனிச்சறுக்கு வீரருங்க கோடைக்காலத்துல பயிற்சிக்கு செஞ்சதுல இருந்து வந்தது, 1997-ல எக்ஸெல்ங்கிற கம்பெனி அதுக்குன்னே கம்பு போட்டாங்க. அதுல கையில உறை மாதிரி மாட்டுற பட்டை இருக்கும், கம்ப பின்பக்கமா சாய்ச்சு ஊன்றி தள்ளணும், கை இடுப்ப தாண்டினதும் விரல விட்டுடணும். சமதரைக்கு அருமையா இருக்கு, யூத் பார்க்குல காலையில செஞ்சு பாருங்க, முதுகு தோள் எல்லாம் வேலை செய்யும். உயரத்த 0.68-ஆல பெருக்குனா நீளம் கிடைக்கும், 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 115 கிட்ட வரும்.

மலைக்கு நீளம் மாத்துற கம்பு தான் சரி. ஏறும்போது கொஞ்சம் குறைச்சுக்கோங்க, இறங்கும்போது கூட்டிக்கோங்க, காலுக்கு முன்னாடி கீழ ஊன்றிட்டு அப்புறம் கால வைங்க. பட்டையில கைய அடியில இருந்து மேல விட்டு அப்புறம் பிடிக்கணும், அப்பத்தான் இறுக்கிப் பிடிக்காமலே பாரத்த பட்டை தாங்கும். வேர், பாறைன்னு மோசமான இறக்கம் வந்தா பட்டைய விட்டு கைய எடுத்துடுங்க, விழுந்தா கட்டை விரலும் மணிக்கட்டும் மாட்டிக்கும்.

ஒரு கடையில மலிவா வாங்கின, நீளத்த திருகி இறுக்குற திருகு லாக் கம்பு ஜீப் ரோடு பாதியில சடக்குனு உள்ள இறங்கிடுச்சு, நம்ம அக்கா ஒருத்தங்க பக்கத்துல இருந்தவரு தோள பிடிச்சதால தப்பிச்சாங்க. அதுக்கப்புறம் வெளியில மடக்கி இறுக்குற கிளிப் லாக் தவிர வேற வாங்கறதில்லன்னு செயலவை முடிவு பண்ணிடுச்சு, எனக்கு இதுல முழு சம்மதம். அலுமினியம் தான் வாங்கினோம், அடிபட்டா வளையும், கார்பன் லேசா இருந்தாலும் சட்டுனு ஒடிஞ்சிடும்.

அடுத்தது முனை. தார் ரோட்டுல ரப்பர் முனை மாட்டணும், இரும்பு முனை வழுக்கும், டக் டக்னு சத்தமும் போடும். மண்ணுலயும் ஈரப் பாறையிலயும் ரப்பர கழட்டிடுங்க. தெலுக் பஹாங்ல இருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு போனப்போ மழை பேஞ்ச சேத்துல கழட்டினவங்க தான் நிம்மதியா இறங்கினாங்க.

தொங்காட் (ஊன்றுகோல்) பிடிச்சா கிழவனாயிட்டேன்னு நினைப்பாங்கன்னு வராம இருந்த ரெண்டு மூணு அண்ணன்மாரு இப்ப நமக்கு முன்னாடி நடக்குறாங்க, அத பாக்க மனசு நிறைஞ்சு போகுது. அவங்கள பாத்து அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் வர ஆரம்பிச்சிருக்காங்க.

வர்ற வருஷத்துக்கு செயலவை கேக்குறது ரெண்டு. புதுசா சேர்றவங்க மலைக்கு வர்றதுக்கு முந்தி ஒரு காலை யூத் பார்க்குல ஊன்ற பழகிட்டு வரணும், இத தீர்மானமா போட்டா நல்லது. இரவல் வாங்குற கம்ப துடைச்சு, கழட்டி, காய வச்சு திருப்பிக் கொடுங்க, கடல் பக்கம் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில கழுவிடுங்க, உப்பு பட்டா லாக் இறுகிடும். ரப்பர் முனை தொலைஞ்சா வெக்கப்படாம என்கிட்ட சொல்லுங்க, ஸ்டோர்ல கூடுதலா வாங்கி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
செயலாளர்