499னு சொன்னா 499தான்

கலா,

நல்லா இருக்கியா, அண்ணன் முட்டி வலி தேவலையா, பசங்களுக்கு பரீட்சை முடிஞ்சுதா. இங்க எல்லாரும் சௌக்கியம், சம்பா பச்சை கட்டி நிக்குது, குடமுருட்டில தண்ணி நிறைய போகுது, மழை விட்டு விட்டு பெய்யுது. மூணு மாசமா உனக்கு ஒழுங்கா ஒரு பதில் போடல, நீ அனுப்பின போட்டோவுக்கெல்லாம் கைகூப்பற பொம்மை மட்டும் போட்டுட்டு இருந்தேன், கோவமாதான் இருப்ப. போன்ல சொல்லலாம்னா நீ மூணாங்கிளாஸ்லேர்ந்து ஒரு கதையையும் முழுசா கேட்டவ கிடையாது, நடுவுலயே முடிவு என்னன்னு பறப்ப. அதான் எழுதறேன். கடைசி வரைக்கும் படி, உங்க அம்மா விஷயமும் இதுல இருக்கு. பயப்படாத, உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

ஆடிப்பெருக்கு முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும், ஒரு பையன் கழுத்துல கார்டு மாட்டிட்டு, கையில நோட்டீஸ் கட்டோட நம்ம தெருவுக்கு வந்தான். ஈபி கம்பம் வழியா ஃபைபர் வந்துடுச்சுக்கா, 100 எம்பி ஸ்பீடு, மாசம் 499, ஜிஎஸ்டி எல்லாம் அதுக்குள்ளயே, ஒரு வருஷத்துக்கு ஏறாது, பெட்டியும் ஃப்ரீ, மாட்டறதும் ஃப்ரீன்னான். சுஜிக்கு வீட்லேர்ந்துதான் வேலை, போன் ஹாட்ஸ்பாட்ட வெச்சுக்கிட்டு மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல உக்காந்து மீட்டிங் பேசிட்டு இருந்தா, மழை வந்தா அதுவும் இல்ல. நான் மூணு தடவை கேட்டேன் கலா, "ஜிஎஸ்டி தனியா வராதே? நிச்சயமா 499தானே?"ன்னு. அவன் நோட்டீஸ் பின்னாடியே பேனாவால 499, எல்லாம் சேர்த்து, 12 மாசம்னு எழுதி குடுத்தான். மறுநாள் சுஜியும் கேக்கணும்னு வாட்ஸப்ல கேட்டேன், அதுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான், "அக்கா 499தான்க்கா, ஒரு ரூபா கூட வராது, நான் பொறுப்பு"ன்னு. அந்த "நான் பொறுப்பு"தான் என் மனசுல நின்னுது.

ஓடிபி கேட்டான், குடுத்தேன். மூணு நாள்ல கனெக்‌ஷன் வந்துடுச்சு. லைன் நல்லாதான் இருக்கு, அத குறை சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் பில்லு 824 ரூபா 82 காசு. பிளான் 699, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 125.82. பையனுக்கு போன் போட்டா எடுக்கல. கஸ்டமர் கேருக்கு போட்டேன், ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு சுத்தி ஒரு பொண்ணு வந்தா, மேடம் உங்க பிளானே 699தான், 499னு எங்ககிட்ட பிளானே இல்லன்னா. உங்க ஆளுதானம்மா சொன்னாருன்னேன். "அவங்க சொன்னதுக்கு நாங்க பொறுப்பு இல்ல மேடம், நீங்க ஓடிபி குடுத்து ஒத்துக்கிட்டீங்க"ன்னா. சரின்னு அந்த ஓடிபி மெசேஜ தேடி எடுத்து பாத்தேன், பிளான் பேரு இருக்கு, எந்த எடத்துலயும் விலை இல்ல. விலையே போடாத மெசேஜுக்கு நான் எந்த விலைய ஒத்துக்கிட்டேன், சொல்லு. அடுத்த தடவை வேற ஆளு, முழுக்கதையும் முதல்லேர்ந்து. அதுக்கடுத்து இன்னொருத்தர். ராத்திரி ஒரு மெசேஜ் வரும், உங்க புகார் தீர்த்து வைக்கப்பட்டதுன்னு. யாரு தீர்த்தா, என்னத்த தீர்த்தா!

நான் பிடிவாதமா 499 மட்டும் கட்டினேன். நாலாம் நாள் லைன கட் பண்ணிட்டாங்க, சுஜி மீட்டிங் நடுவுல. அவ மொகத்த பாக்க முடியல எனக்கு. மீதியையும் அன்னிக்கே கட்டினேன், அக்டோபர் பில்லையும் முழுசா கட்டினேன், ஆனா விட்டுடல.

எங்க அண்ணன் சொன்னார், "ஏம்மா, நெல்லு கொள்முதல் பண்ற டிபிசில ஈரப்பதம் 17 சதவீதம்னு எழுதி வெச்சிருக்கு, அதனால நான் மூட்டைய வெச்சுக்கிட்டு நின்னு பேச முடியுது, வாயால சொன்னதுக்கு நீ எத வெச்சு பேசுவ, போனா போகுது விடு"ன்னு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா அந்த வார்த்தை எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்துச்சுடி. எங்க தாத்தா கதை உனக்கு தெரியும். முப்பது வருஷம் ஒரே நெலத்துல குத்தகை, எல்லாம் வாய்ப்பேச்சு. 1969ல குத்தகைதாரர் பேர பதிவு பண்ண சட்டம் வந்தப்ப, "நீ எதுக்குய்யா தாலுக்கா ஆபீசுக்கு அலையற, நான் இருக்கேன்ல, உன்ன யாரு எறக்கிவிடப் போறா"ன்னாராம் மிராசு. தாத்தா பதிவு பண்ணல. மிராசு போனதும் அவர் புள்ளைங்க கேட்ட முதல் கேள்வி, பேப்பர் இருக்கான்னு. அப்பா இத சொல்லும்போது கோவப்படவே மாட்டார், தாத்தா வரப்புல உக்காந்து ரொம்ப நேரம் எழுந்திரிக்கலன்னு மட்டும் சொல்வார். நெலம் எங்க, மாசம் 325 ரூபா எங்க, எனக்கு தெரியாம இல்ல. ஆனா வாய நம்பினவங்கள பாத்து பேப்பர் எங்கன்னு கேக்கற அந்த கேள்வி ஒண்ணேதான்.

வக்கீல்கிட்டயே கேப்போம்னு செல்வி வீட்டுக்காரர்கிட்ட போனேன் (இப்பவும் அதே கோட்டு, அதே ஸ்கூட்டர், நீ வெச்ச பேரு இன்னும் அப்படியே பொருந்துது). அவர் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்த எடுத்து 2வது பிரிவுல 47வது உட்பிரிவ காட்டினார். நியாயமில்லாத வணிக முறைன்னா என்னன்னு அதுல வருது, விலைய பத்தி ஏமாத்தற மாதிரி வாயால சொன்னாலும் சரி, எழுத்துல சொன்னாலும் சரி, ரெண்டும் தப்புதான்னு. வாயாலன்னு சட்டத்துலயே இருக்கு கலா! அந்த வரிய நான் நாலு தடவை படிச்சேன். அண்ணனுக்கும் படிச்சு காட்டினேன், அவர் கண்ணாடிய மாட்டிட்டு தானும் ஒருதரம் படிச்சார்.

வக்கீல் சொன்ன வழி இது. டெலிபோன் கம்பெனிகளுக்கு விதி போடற டிராய்க்கு எழுதாதீங்க, அவங்க தனி ஆளோட புகார எடுக்க மாட்டாங்க. 2012ல டிராய் போட்ட விதிப்படி கம்பெனிலயே ரெண்டு படி இருக்கணும். முதல் படி கஸ்டமர் கேர், அங்க டாக்கெட் நம்பர் வாங்கறது முக்கியம், நம்பர் இல்லாத புகார் புகாரே இல்ல. அதுல சரியாகலன்னா 30 நாளைக்குள்ள அப்பீல், காசு கிடையாது, 39 நாளைக்குள்ள அவங்க முடிவு சொல்லியாகணும். நடுவுல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் போட்டு பதிஞ்சு வைங்க, தமிழ்லயே பேசலாம்னார். அப்புறமும் வழிக்கு வரலன்னா தஞ்சாவூர் நுகர்வோர் கோர்ட்டு இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீசே கிடையாது. முன்னாடி 2009 தீர்ப்பு ஒண்ண காட்டி டெலிபோன் கேஸு இங்க வராதுன்னு திருப்பி விட்டுடுவாங்களாம், 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு தாராளமா வரலாம்னு சொல்லிடுச்சாம்.

நல்லவேளை மூணு டாக்கெட் நம்பரையும் மளிகை நோட்டுலயே எழுதி வெச்சிருந்தேன், தேதி, நேரம், பேசினவங்க பேரோட. நோட்டீசும் காலண்டர் அட்டைக்கு பின்னாடி பத்திரமா இருந்துது. எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அந்த வாய்ஸ் மெசேஜையும் சேத்து, சுஜி ஒரே பக்கத்துல அப்பீல் எழுதினா. நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, 12 மாசம் 499, கூட வாங்கினத திருப்பி குடுங்க.

இருவத்தஞ்சாவது நாள் ஒருத்தர் கூப்ட்டார், மரியாதையா பேசினார். நல்லெண்ணத்துக்காக மூணு மாசம் தள்ளுபடி தர்றோம்னார். நான் நல்லெண்ணம் கேக்கல சார், சொன்ன விலைய கேக்கறேன்னேன். ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கூப்ட்டு, "அந்த எக்ஸிக்யூட்டிவ் மேல நடவடிக்கை எடுக்கறோம் மேடம், உங்களுக்கு திருப்தியா?"ன்னார்.

கலா, அப்பதான் எனக்கு உண்மையாவே கோவம் வந்துச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடியே அந்த பையன் வீட்டுக்கு வந்துட்டு போயிருந்தான். வாசல்லயே நின்னான், உள்ள வரல. கம்பெனி ஆளே இல்லயாம் அவன், ஏதோ ஏஜென்சி, கனெக்‌ஷனுக்கு இவ்வளவுன்னு காசு, டார்கெட் முடிக்கலன்னா பெட்ரோல் காசு கூட வராதாம். 499னு சொல்லுன்னு டீம் லீடர்தான் சொல்லி குடுத்தாராம், பில்லு வந்தப்புறம் கஸ்டமர் கேர்ல பேசிக்கட்டும்னு. "எனக்கும் அது நெசம்னுதான்க்கா நெனப்பு, எங்க மாமா வீட்லயும் அப்படி சொல்லித்தான் போட்டேன்"னான். சுஜிய விட சின்னவன். காபி குடுத்தேன், கை நடுங்கிட்டே குடிச்சான்.

அதனால நான் அந்த சார்கிட்ட சொன்னேன், அந்த பையன வேலைய விட்டு தூக்கினா எனக்கு ஒரு ரூபா கூட குறையாது, உங்களுக்கும் ஒரு ரூபா செலவு இல்ல, அவன் உங்க கார்ட மாட்டிக்கிட்டு உங்க பேருல வாக்கு குடுத்தான், அந்த வாக்க நீங்க காப்பாத்துங்க, அவன் மேல கை வெச்சா அதையும் எழுதி தஞ்சாவூருக்கு போவேன்னு. கொஞ்ச நேரம் அந்த பக்கம் சத்தமே இல்ல.

போன வாரம் மெயில் வந்துச்சு. மாசாமாசம் 325 ரூபா 82 காசு கழிச்சு 12 மாசமும் 499தான்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் கூட வாங்கினதையும் கழிச்சதுல நவம்பர் பில்லு மைனஸ் 152 ரூபா 64 காசு! சுஜி அத பிரிண்ட் எடுத்து காலண்டர்லயே மாட்டிட்டா.

இப்ப உங்க அம்மா விஷயம். அந்த பையன் அதே நாள் வடக்குத் தெருவுக்கும் போனான், நான்தான் கூட போனேன், "போட்டுக்கங்கம்மா, கலாவ வீடியோல தெளிவா பாக்கலாம்"னு நானே சொன்னேன். அம்மாவுக்கும் 825தான் வருது, மூணு பில்லும் சத்தம் போடாம கட்டிட்டாங்க, உன்கிட்ட சொல்லல. நேத்து போய் கேட்டா, "பாவம்டி அந்த புள்ள, நான் ஏதாவது சொன்னா அவன் வேலை போயிடும்"ங்கறாங்க. நான் எவ்வளவோ சொல்லிட்டேன், புகார் அவன் மேல இல்லம்மான்னு, காதுலயே வாங்கல. நீ சொன்னா கேப்பாங்க.

நாளைக்கு ராத்திரி பேசும்போது இதுக்கு சம்மதம் வாங்கு. நான் மறுநாள் காலைல பத்து மணிக்கு போய் அவங்க போன்லேர்ந்தே கஸ்டமர் கேருக்கு பேசி டாக்கெட் நம்பர் வாங்கிடறேன். அவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் கிடையாது, ஆனா நோட்டீஸ் பின்னாடி எனக்கு எழுதின மாதிரியே அவங்களுக்கும் அவன் எழுதி குடுத்தத நான் பாத்தேன். சாமி ரூம் அலமாரி, அரிசி டின்னுக்கு அடி, டிவி மேல, எல்லா எடத்துலயும் தேடிட்டேன். எங்க வெச்சாங்கன்னு நீயே மெதுவா கேளு, ரேஷன் கார்டு கவருக்குள்ள இருக்கும்னு எனக்கு தோணுது, அத மட்டும் என்ன தொட விடல.

உன்
வசந்தா